வழி தெரியாத நரியும் திரும்பி வந்த கடலும்

டென்மார்க் நாட்டின் மேற்குக் கரையில், ஒரு மணல்மேட்டில் வளை தோண்டி ராஸ்முஸ் என்னும் நரி வாழ்ந்து வந்தது. கரை ஒதுங்கும் மீனும் நண்டுமே அதன் வயிற்றுக்குப் போதும். அதனால் அந்தப் பக்கத்து முயல்கள்கூட அதைக் கண்டு ஓடுவதில்லை.

அந்த வருடம் இலையுதிர்காலம் தொடங்கும்போது, உள்நாட்டுக் காட்டிலிருந்து இரண்டு பேர் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஒன்று சிக்னே என்ற முயல். அதற்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. இன்னொன்று அதன் தோழி போடில் என்ற முள்ளெலி. சின்னச் சத்தம் கேட்டாலே போடில் முள்ளுருண்டையாகிவிடும்.

"இவ்வளவு பயப்படுகிறவள் ஊர் சுற்ற எதற்கு வந்தாய்?" என்று நரி கேட்டது.

"குளிர்காலம் முழுவதும் தூங்கப் போகிறேன், அண்ணா. ஐந்து மாதத் தூக்கம்! கனவில் வருவதற்கு நாலு நல்ல இடமாவது பார்த்து வைத்துக்கொள்ள வேண்டாமா?" என்றது முள்ளெலி.

நரிக்குச் சிரிப்பு வந்தது. "என் பின்னால் வாருங்கள். இந்தக் கரையில் நான் பார்க்காத இடமே கிடையாது!" என்றது.

அந்தப் பேச்சு முக்கால்வாசி உண்மைதான். முதல் நாள் நரி அவர்களை நகரும் மணல்குன்றுக்கு அழைத்துப் போனது. காற்று அடிக்க அடிக்க அந்தக் குன்று வருடத்துக்குச் சில அடி தள்ளிப்போகும். அதன் வழியில் நின்ற பைன் மரங்கள் கழுத்துவரை புதைந்து, உச்சிகள் மட்டும் வெளியே தெரிந்தன. முயலும் முள்ளெலியும் வாய் பிளந்து நின்றன.

இரண்டாம் நாள் புதர்வெளிக்குப் போனார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் ஊதாப் பூ. மூன்றாம் நாள், சூரியன் சாயும் வேளையில், நாணல் காட்டின் மேல் ஆயிரமாயிரம் மைனா இனத்துக் குருவிகள் ஒரே மேகமாகச் சுழன்றன. வானமே கறுத்துப் போனது.

"அண்ணா, உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லையா?" என்று முள்ளெலி கேட்டது.

நரி மார்பை நிமிர்த்திக்கொண்டது. இத்தனை நாளும் தனியாகவே இருந்த நரி அது. யாரும் அதை அப்படிப் பார்த்ததில்லை.

நான்காம் நாள் காலை, சிக்னே மணல்மேட்டின் உச்சியில் நின்று கத்தியது.

"அதோ பாருங்கள்! கடலுக்கு நடுவே பச்சையாக ஒரு தீவு!"

"தீவுதான். மதியத்தில் அங்கே நடந்தே போகலாம்" என்றது நரி.

"நடந்தா? நடுவில் கடல் இருக்கிறதே!"

"இந்தக் கடல் ஒரு மாதிரி. ஒரு நாளைக்கு இரண்டு தடவை உள்வாங்கிப் போய்விடும். தரை வெறும் சேறும் மணலுமாகக் கிடக்கும். பிறகு திரும்பி வரும்."

"நீங்கள் போயிருக்கிறீர்களா, அண்ணா?"

இரண்டு ஜோடிக் கண்கள் நரியைப் பார்த்தன. மனிதர்களின் வண்டிகள் அந்தப் பக்கம் போவதைக் கரையிலிருந்து பார்த்ததுதான் நரிக்குத் தெரியும். அந்தச் சேற்றில் அது ஒரு காலைக்கூட வைத்ததில்லை. 'இல்லை' என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது.

"எத்தனையோ தடவை!" என்றது நரி.

மதியம் கடல் உள்வாங்கியது. மூன்று பேரும் இறங்கி நடந்தார்கள்.

முதலில் எல்லாம் அழகாகவே இருந்தது. ஈரத்தரை கண்ணாடியைப் போல் வானத்தைக் காட்டியது. மேகத்தின் மேலேயே நடப்பது போல் இருந்தது. மணற்புழுக்கள் தரையெங்கும் சின்னச் சின்னச் சுருள்களைப் போட்டிருந்தன. சிப்பிகள் காலடியில் நொறுங்கின. தீவுக்குப் போகும் வழியை மறக்காமல் இருக்க, மனிதர்கள் அங்கங்கே சுள்ளிக் கட்டுகளை நட்டு வைத்திருந்தார்கள்.

"அந்தக் குச்சிகளை ஒட்டியே போகலாமா?" என்று முள்ளெலி கேட்டது.

"அது சுற்றுவழி. நான் உங்களை நேராகக் கூட்டிப் போகிறேன்" என்றது நரி.

"கடல் எப்போது திரும்பி வரும், அண்ணா?"

"பொழுது சாயும்போது. அதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்."

"நிச்சயமாகத் தெரியுமா?"

"பயந்தாங்கொள்ளியை வைத்துக்கொண்டு பெரிய தொல்லை!" என்று நரி சிரித்தது. முயலும் சிரித்தது. முள்ளெலி வாயை மூடிக்கொண்டது.

நெடுந்தூரம் நடந்தும் தீவு பக்கத்தில் வரவில்லை. அப்போது தூரத்து மணல்திட்டில் இரை பொறுக்கிக்கொண்டிருந்த பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. கீச்சென்று கத்திக்கொண்டு அவர்களின் தலைக்கு மேலாகக் கரைப்பக்கம் பறந்தன.

"ஏன் எல்லாம் திரும்பிப் போகின்றன?" என்று இந்தத் தடவை முயல் கேட்டது.

"வயிறு நிறைந்திருக்கும்" என்றது நரி. ஆனால் அதன் குரல் கொஞ்சம் கம்மிப் போயிருந்தது.

கடைசிப் பறவையும் போன பிறகு, அந்த வெளியில் ஒரு சத்தமும் இல்லை. மேற்கிலிருந்து வெள்ளையாக ஏதோ ஒன்று தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. முதலில் தீவின் அடி மறைந்தது. பிறகு தீவே மறைந்தது. திரும்பிப் பார்த்தால் கரையும் இல்லை. ஈரமான குளிர் மூக்கில் ஏறியது. மூடுபனி அவர்களை விழுங்கிவிட்டது.

"அண்ணா! எங்கே இருக்கிறீர்கள்?"

"இங்கேதான்! என் வாலைப் பார்த்து வாருங்கள். வழி எனக்குத் தெரியும்!"

நடந்தார்கள். நரியின் வால்கூட அரைகுறையாகத்தான் தெரிந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வெள்ளை. மூன்று பேரின் மூச்சும் காலடியில் சேறு சொதசொதக்கும் ஓசையும் மட்டும் கேட்டன.

திடீரென்று முள்ளெலி நின்றது.

"அக்கா, இங்கே நமக்கு முன்னால் யாரோ போயிருக்கிறார்கள்" என்று முயலிடம் மெல்லச் சொன்னது.

முயல் குனிந்து பார்த்தது. சேற்றில் மூன்று வரிசைத் தடங்கள். ஒன்று நரியுடையது. ஒன்று முயலுடையது. சின்னஞ்சிறு விரல்களோடு இருந்த மூன்றாவது தடத்தின் மேல் முள்ளெலி தன் காலை வைத்துப் பார்த்தது. அது அதன் காலடியேதான்!

வட்டமடித்து, முன்பு நடந்த இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தடங்களில் தண்ணீர் ஊறியது. ஓரத்தில் இருந்த ஒரு தடம் நிரம்பியது. பக்கத்துத் தடமும் நிரம்பியது. பிறகு தடங்களே இல்லை.

"கடல் வருகிறது!" என்று முள்ளெலி அலறியது.

"இல்லை! இது மழைத்தண்ணீர்! இந்தப் பக்கம் வாருங்கள்!" என்று நரி ஓடியது. பத்தடி ஓடி நின்றது. "இல்லை, அந்தப் பக்கம்!" என்று திரும்பி ஓடியது. மறுபடி நின்றது.

தண்ணீர் முயலின் பாதத்தைத் தொட்டது. முள்ளெலிக்கு வயிறுவரை வந்துவிட்டது. அலை எதுவும் இல்லை, இரைச்சல் இல்லை. சத்தமில்லாமல் உயர்ந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தமின்மைதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

முயல் நரியின் முன்னால் போய் நின்றது. "ராஸ்முஸ் அண்ணா, ஒரே ஒரு கேள்வி. கரை எந்தப் பக்கம்?"

நரி வாயைத் திறந்தது. மூடியது.

"தெரியாது!" என்று ஊளையிட்டது. "எனக்குத் தெரியாது! நான் இங்கே வந்ததே இல்லை! ஒரு தடவைகூட வந்ததில்லை!"

முயலுக்குக் கோபப்படக்கூட நேரம் இல்லை.

"சரி. அப்படியானால் இங்கே யாருக்கும் வழி தெரியாது. யோசிப்போம். மூன்று பேரும் சேர்ந்து யோசிப்போம்!"

அதுவரை முயல் யோசிக்கவே இல்லை. முள்ளெலியும் யோசிக்கவில்லை. வழி தெரிந்தவர் முன்னால் போகிறார் என்ற நம்பிக்கையில் வால் போன திசையில் வந்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

முள்ளெலிக்குப் பல் கிட்டியது. ஆனாலும் அது உருண்டையாகவில்லை. உருண்டையானால் மூழ்கிவிடும் என்று அதற்குத் தெரியும். தண்ணீருக்கு மிக அருகில் இருந்தது அதன் கண்தான்.

"அக்கா! இந்த நுரையைப் பாருங்கள்! நிற்காமல் ஒரே பக்கமாகப் போகிறது. என் வயிற்றில் தண்ணீர் இடித்துத் தள்ளுவதும் அதே பக்கம்தான்!"

முயல் துள்ளியது. "தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நடுக்கடலிலிருந்து! எங்கே போகிறது? கரைக்கு! நுரை போகிற பக்கமே போவோம்!"

ஓடினார்கள். முள்ளெலியால் ஓட முடியவில்லை. தண்ணீர் அதன் தாடையைத் தொட்டுவிட்டது. நரி அதன் பக்கத்தில் குனிந்து முதுகைக் காட்டியது.

"ஏறிக்கொள்!"

"முடியாது, அண்ணா! பயத்தில் என் முள் தானாக எழும். என்னால் அடக்க முடியாது! உங்கள் முதுகு கிழிந்துவிடும்!"

"கிழியட்டும். ஏறு!"

முள்ளெலி ஏறியது. நரி ஓடியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் முட்கள் தோலில் இறங்கின. நரி பல்லைக் கடித்துக்கொண்டது.

திடீரென்று காலடியில் தரை இல்லாமல் போனது. மதியம் அவர்கள் தாண்டி வந்தபோது கணுக்கால் அளவு ஓடிய சின்ன ஓடை அது. கடல் திரும்பும்போது முதலில் நிரம்புவது அப்படிப்பட்ட ஓடைகள்தான். இப்போது அது ஆறாகிக் கறுப்பாகச் சுழன்றது. கரைக்கும் அவர்களுக்கும் நடுவே குறுக்கே கிடந்தது. அக்கரை பனிக்குள் தெரியவில்லை.

"இதைத் தாண்டித்தான் ஆக வேண்டுமா?" என்று முள்ளெலி முனகியது.

பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். நிற்க ஒரு திட்டுகூட இல்லை.

முயல் முதலில் குதித்தது. குளிர் நெஞ்சைப் பிடித்து அழுத்தியது. நரி பின்னால் நீந்தியது. நீரோட்டம் இருவரையும் பக்கவாட்டில் இழுத்தது. முயலின் தலை ஒரு தடவை மூழ்கி எழுந்தது. இன்னொரு தடவை மூழ்கியது. எழவில்லை.

"அக்கா!" என்று முள்ளெலி கத்தியது.

நரி தலையைத் தண்ணீருக்குள் விட்டது. அதன் பல்லில் எதுவோ பட்டது. நீளமான காது! பல் பதியாமல் கவ்வி இழுத்தது. மூச்சுத் திணறியபடி முயல் மேலே வந்தது. முதுகில் முள், வாயில் முயலின் காது, நான்கு கால்களும் மரத்துப் போன நிலையில் நரி நீந்தியது. எவ்வளவு நேரம் நீந்தியது என்று அதற்கே தெரியாது.

காலில் மணல் தட்டியது.

பிறகு முழங்கால் அளவுத் தண்ணீர். பிறகு புல். எங்கோ மிகப் பக்கத்தில் ஓர் ஆடு கத்தியது. கடல் ஊருக்குள் வராமல் தடுக்க மனிதர்கள் கட்டிய மண்ணணையில் மேயும் ஆடு! மூன்று பேரும் அணையின் மேல் தவழ்ந்து ஏறி விழுந்தார்கள்.

வெகுநேரம் யாராலும் எழுந்திருக்க முடியவில்லை. பனி மெல்ல விலகியது. அவர்கள் நடந்து போன இடம் முழுவதும் சாம்பல் நிறக் கடலாக இருந்தது. மனிதர்கள் நட்ட சுள்ளிக் கட்டுகளின் நுனிகள்கூடத் தெரியவில்லை.

நரியின் முதுகில் ரத்தம் கசிந்தது. முள்ளெலி அதைப் பார்த்துக்கொண்டே கேட்டது.

"ஏன் அண்ணா? காலையிலேயே தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! தீவு இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்திருப்போமே!"

நரி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மணல்குன்றைக் காட்டியபோது நீங்கள் என்னைப் பார்த்தீர்களே, அந்தப் பார்வை போய்விடுமோ என்று பயமாக இருந்தது" என்றது.

"நான் கடலுக்குப் பயந்தேன். அதை வாய்விட்டுச் சொன்னேன். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்" என்றது முள்ளெலி. "உங்களுக்கும் பயம் இருந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் எங்களையும் இழுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்."

முயல் தலை குனிந்தது. தானும் சேர்ந்து சிரித்தது அதற்கு நினைவு வந்தது.

"இன்று நம்மைக் காப்பாற்றியதும் அவர்தான், போடில்" என்று மெல்லச் சொன்னது முயல்.

"தெரியாது என்று சொன்ன பிறகு" என்றது முள்ளெலி. அருகே நகர்ந்து, முட்களை அடக்கிக்கொண்டு, நரியின் காயத்தில் ஒட்டியிருந்த உப்பை நக்கித் துடைத்தது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவன், தன்னை நம்பிப் பின்னால் வருகிறவர்களின் உயிரையும் ஆபத்தில் தள்ளிவிடுகிறான்.