ஏழு வீரர்கள், ஒரே ஓர் இருக்கை

ஒரே ஓர் இருக்கைக்கு மூன்று பேர் உரிமை கேட்ட வழக்கு இது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆகவே நடந்ததை நடந்தபடியே கேளுங்கள்.

திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் அறை. செவ்வாய், வியாழன், சனி என வாரத்தில் மூன்று நாள், காலை ஏழு மணிக்கு வந்து படுத்தால் பதினொன்று வரை அசைய முடியாது. சன்னலோரக் கட்டிலில் சுபைதா டீச்சர், அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துபவர். அடுத்த கட்டிலில் சவரிமுத்து, ஒரு காலத்தில் மாவட்ட அணிக்குக் கபடி ஆடியவர். மூன்றாவதில் நாகஜோதி, ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள். கபடியின் விதி எதுவும் தெரியாமல் அந்த அறைக்குள் வந்தவள்.

அறையின் டிவியில் கபடி லீக் ஓடிக்கொண்டே இருக்கும். இன்று யார் நன்றாக ஆடுவார் என்று டீச்சரும் சவரிமுத்துவும் இரண்டு மாதமாகப் போட்டி போட்டுக்கொண்டு சொல்வார்கள். நாகஜோதி நடுவில் பேசமாட்டாள். கேட்டுக்கொண்டிருப்பாள்.

அப்போது ஒரு நாளிதழ் ‘கற்பனை அணி’ என்று ஒரு போட்டி அறிவித்தது. எந்த அணியிலிருந்தும் ஏழு வீரர்களைப் பொறுக்கலாம். அவர்களில் ஒருவரைத் தலைவராகக் குறிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் அந்த ஏழு பேரும் நிஜமாக எடுக்கும் புள்ளிகள் நமக்குச் சேரும். தலைவரின் புள்ளிகள் மட்டும் இரட்டிப்பாகும். முதலிடத்துக்குப் பரிசு, சென்னையில் நடக்கும் இறுதி ஆட்டத்தை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க ஒரே ஓர் அனுமதிச் சீட்டு.

மூவரும் சேர்ந்து ஆடுவது என்று முடிவானது. யார் பெயரைக் கொடுப்பது என்பதில் டீச்சரும் சவரிமுத்துவும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் நாகஜோதியின் பெயரில், அவள் போனிலேயே பதிவு செய்தார்கள்.

டீச்சர் பத்து ஆட்டங்களின் விவரத்தை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். மொத்தப் புள்ளியை அவர் பொருட்படுத்துவதில்லை. எதிரணிக் களத்துக்குள் பத்து முறை ரெய்டு போனால் எத்தனை முறை புள்ளியோடு திரும்புகிறான் என்பதுதான் அவர் அளவுகோல். நிதானமாக ஆடும் வீரர்களைப் பற்றி அவர் சொன்னது அநேகமாகப் பலிக்கும். ஆனால் நேற்றுப் பயிற்சியில் அடிபட்டவனை அவர் நோட்டுக்குத் தெரியாது. சவரிமுத்துவோ ஆளின் நடையைப் பார்த்தே காயம் சொல்லிவிடுவார். அதில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. நம் ஊர்ப் பக்கத்துப் பையன் என்றால் மட்டும் வானளாவப் புகழ்வார், அந்தப் பையன் அன்றைக்கே சொதப்புவான்.

டீச்சரின் பட்டியலில் முதல் பெயர் தர்மவீர், லீக்கின் பெரிய நட்சத்திரம். இரண்டாவது லோகேந்திரன், நிதானமாக ஆடுபவன். சனிக்கிழமை காலையில் சண்டை வெடித்தது.

“தர்மவீர் வேணாம் டீச்சர். இடது காலை ஊன்றித் திரும்பவே மாட்டேங்கிறான். முழங்கால் போயிருக்கு. அவனைத் தூக்கிட்டு நம்ம வேடசந்தூர்ப் பையனைப் போடுங்க. தலைவரும் அவன்தான்.”

“போன வாரம் பதினாலு புள்ளி எடுத்தவனுக்கு முழங்கால் போயிடுச்சா? தலைவரே தர்மவீர்தான் அண்ணே. மத்த ஆறு பேரிலும் நான் கை வைக்க விடமாட்டேன்.”

“ரெண்டு பேருக்கும் பிரஷர் ஏறுது, பேச்சை நிறுத்துங்க” என்று நர்ஸ் அதட்டினாள். முகம் பார்க்காமலே இருவரும் வீட்டுக்குப் போனார்கள். அன்று மாலை ஆறு மணிக்குள் பட்டியலை அனுப்ப வேண்டும். போன் நாகஜோதியின் கையில் இருந்தது.

அவள் அனுப்பியிருந்த பட்டியலை ஞாயிறன்று பார்த்ததும் டீச்சருக்குச் சுருக்கென்றது. தர்மவீர் இல்லை. அவனிடத்தில் வேடசந்தூர்ப் பையன். ஆனால் தலைவர் அவனும் அல்ல, லோகேந்திரன்.

ஆட்டம் தொடங்கிய ஏழாவது நிமிடத்தில் தர்மவீர் ஒரு புள்ளிகூட எடுக்காமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினான். வேடசந்தூர்ப் பையன் எடுத்தது இரண்டே புள்ளி. லோகேந்திரன் பதினேழு எடுத்தான், அது முப்பத்துநான்கானது. நாகஜோதியின் அணி நான்கு புள்ளி வித்தியாசத்தில் முதலிடம் பெற்றது.

செவ்வாய்க்கிழமை வழக்கு தொடங்கியது.

“ஏழில் ஆறு பேர் என் பட்டியல். லோகேந்திரனும் என் ஆள்தான்” என்றார் டீச்சர்.

“தர்மவீரைத் தூக்கச் சொன்னது யாரு? நான் சொல்லலைன்னா எல்லாம் அன்னைக்கே முடிஞ்சிருக்கும்” என்றார் சவரிமுத்து.

நாகஜோதி, “எனக்கும் போகணும்னு ஆசையா இருக்கு” என்றாள். அவள் எதற்கும் ஆசைப்பட்டு அந்த அறையில் யாரும் கேட்டதில்லை.

இப்போது சொல்லுங்கள். வீரர்களை அளந்து தந்தவர் ஒருவர். ஆபத்தை முன்கூட்டியே கண்டவர் ஒருவர். பொத்தானை அழுத்தியவள் ஒருத்தி. அந்த ஒற்றைச் சீட்டு இவர்களில் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: நாகஜோதிக்கு. இதைக் கண்டுபிடித்தவர் சுபைதா டீச்சரேதான். அன்று கட்டிலில் படுத்தபடியே நோட்டைத் திறந்து இரண்டு கணக்குப் போட்டுப் பார்த்தார். தன் யோசனையை அப்படியே கேட்டிருந்தால் பத்தொன்பது புள்ளி குறைந்திருக்கும். சவரிமுத்துவின் யோசனையை அப்படியே கேட்டிருந்தால் பதினைந்து. இரண்டிலும் தோல்விதான். இருவரும் வீரர்களை எடைபோட்டார்கள். நாகஜோதியோ இரண்டு மாதம் வாய் திறக்காமல் இவர்கள் இருவரையும் எடைபோட்டிருந்தாள். காயம் என்றால் சவரிமுத்துவின் பேச்சு, நிதானம் என்றால் டீச்சரின் பேச்சு என்று பிரித்து எடுக்கத் தெரிந்தது அவளுக்குத்தான். தோற்றிருந்தால் இருவரின் கோபத்தையும் தனியாகச் சுமந்திருக்க வேண்டியவளும் அவளே. டீச்சர் கணக்கைப் படித்துக் காட்டியதும் சவரிமுத்து நாகஜோதியைப் பார்த்து, “போயிட்டு வாம்மா” என்றார். ஞாயிறு இறுதி ஆட்டம் பார்த்துவிட்டுச் செவ்வாய் காலை வந்தவளுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. அதுவரை அடுத்த வாரத்தைப் பற்றிக்கூடப் பேசாத அவள், ஊசி குத்தி முடிப்பதற்குள் டீச்சர் பக்கம் திரும்பி, கரகரத்த குரலில் கேட்டாள்: “அடுத்த சீசன் எப்ப டீச்சர் ஆரம்பிக்கும்?”