நூலில் கட்டிய வேர்க்கட்டை

ஒரு காட்டில் என்று ஆரம்பிக்கத்தான் எனக்கும் ஆசை, குழந்தைகளே. ஆனால் இந்தக் கதை நடந்தது ஒரு வீட்டுக் கூடத்தில், கண்ணாடி மீன்தொட்டிக்குள். காட்டிலிருந்து அங்கே வந்து சேர்ந்தது ஒரு வேர்க்கட்டை மட்டும்தான்.

ஆற்று வெள்ளம் அடித்து வந்து கரையில் போட்ட கட்டை அது. வெயிலில் காய்ந்து சுக்காகியிருந்தது. வீட்டுக்காரி சுகந்தி அதைக் கழுவி, அழகுக்காகத் தொட்டிக்குள் வைத்தாள். வைத்த வேகத்தில் அது மேலே வந்து மிதந்தது. அவள் விடுவாளா? ஒரு கடப்பாக்கல் துண்டோடு சேர்த்துப் பருத்தி நூலால் இறுக்கிக் கட்டி, கல்லை மணலில் புதைத்துவிட்டாள்.

கட்டைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எவ்வளவு பெரிய மரத்தைத் தாங்கியவன் நான்! என்னைச் சமையலறைக் கல்லோடு கட்டுவதா?"

"எனக்கு மட்டும் ஆசையா?" என்றது கல். "நீ தண்ணீர் குடித்துக் கனத்துவிட்டால் நூலுக்கு வேலையே இல்லை. அதுவரை சும்மா இரு."

"குழாய்த் தண்ணீரையா? ஆற்றையே பார்த்தவன் நான். ஒரு சொட்டுக்கூடக் குடிக்க மாட்டேன்!"

அந்தத் தொட்டியில் ஒரு கெளுத்தி இருந்தது. எதற்கெடுத்தாலும் பயப்படும். கட்டைக்கும் மணலுக்கும் நடுவில் இருந்த இடுக்கைப் பார்த்ததும் அதற்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. கட்டையின் அடிப்பக்கத்தில் தன் முட்டைகளை ஒட்டவைத்தது.

"அண்ணா, என் பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றது.

"நான் இருக்கும்போது உனக்கென்னம்மா பயம்?" என்றது கட்டை.

அதே தொட்டியில் இருந்த தங்கமீனும் முட்டைகளைப் பார்த்துவிட்டது. தின்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லாத மீன் அது. தண்ணீருக்குள்ளேயே இருந்தும் அதன் வாயில் எச்சில் ஊறியது. இடுக்கில் தலையை நுழைத்துப் பார்த்தது. பருத்த உடம்பு நுழையவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கட்டையின் முன்னால் வந்து நின்று, மூக்கை உறிஞ்சியது. மீனுக்கு ஏது மூக்கு என்று என்னைக் கேட்காதீர்கள்.

"ராஜா மாதிரி இருக்க வேண்டியவர் நீங்கள். உங்களைப் போய்த் திருடனைக் கட்டுவதுபோலக் கட்டியிருக்கிறார்களே! பார்க்கவே மனசு கேட்கவில்லை."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். கட்டைக்கு அது விளங்கவில்லை.

"நான் என்ன செய்ய? நூலை அறுக்க எனக்குக் கையில்லையே."

"நண்டுக்கு இருக்கிறதே! நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

தொட்டியின் மூலையில் இருந்த நண்டு, யார் எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்காமல் செய்துவிடும். கட்டை கூப்பிட்டது. நண்டு வந்து, நறுக்கென்று நூலை வெட்டிவிட்டுத் தன் வழியே போனது.

"ஐயோ அண்ணா, என் பிள்ளைகள்!" என்று கெளுத்தி கத்தியது.

அதற்குள் கட்டை விர்ரென்று மேலே எழும்பிவிட்டது. இடுக்கில் மறைந்திருந்த முட்டைகள் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கின. தங்கமீன் நேராக அங்கே போய்க் கொத்த ஆரம்பித்தது.

"சீ, போ!" என்று அதட்டியது கட்டை. தங்கமீன் அதைக் காதில் வாங்கவே இல்லை. கட்டை எப்படியாவது கீழே இறங்கி, முட்டைகளை மணலோடு சேர்த்து மறைத்துவிடப் பார்த்தது. எவ்வளவு முயன்றும் ஒரு விரற்கடைகூட இறங்க முடியவில்லை. இனி இஷ்டம்போல் இருக்கலாம் என்று நினைத்திருந்தது. இஷ்டப்பட்ட இடத்துக்கு அதனால் போக முடியவில்லை.

கெளுத்தி திட்டவில்லை. முட்டைகள் இருந்த இடத்தை மீசையால் தடவித் தடவிப் பார்த்தது. கட்டையால் அதைத் தாங்க முடியவில்லை. வெட்கத்தில் குன்றிப்போனது.

சாயங்காலம் சுகந்தி வந்து மறுபடியும் நூலைச் சுற்றினாள். இந்த முறை கட்டை முரண்டு பிடிக்கவில்லை. "இறுக்கிப் பிடித்துக்கொள்" என்றது கல்லிடம். அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டு தண்ணீரைக் குடித்தது.

மழைக்காலம் வந்தது. கெளுத்திக்கு வேறு இடம் ஏது? தயங்கித் தயங்கி வந்து, அதே இடுக்கில் மறுபடியும் முட்டையிட்டது. அது ஒன்றும் கேட்கவில்லை. கட்டையும் வாக்குக் கொடுக்கவில்லை.

தங்கமீனுக்குத்தான் பொறுக்கவில்லை. "ராஜா, கீழே பாருங்கள்! நூல் எப்போதோ இற்றுப் போய்விட்டது. இன்னும் ஏன் இங்கே கிடக்கிறீர்கள்? மேலே வாருங்கள்!"

கெளுத்தி பதறிப்போய்ப் பார்த்தது. உண்மைதான். கட்டையைச் சுற்றி நூல் இல்லை.

கட்டை இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"அப்படியா? நான் கவனிக்கவே இல்லை" என்றது.

தங்கமீன் இடுக்கைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பசியோடு திரும்பிப் போனது. முட்டைகள் பொரியும்வரை கெளுத்தி அங்கேயே நிம்மதியாகத் தூங்கியது.

நீதி: சொந்தக் கனத்தில் நிற்பதற்கு முன் கயிற்றை அறுத்துக்கொண்டால், நஷ்டம் நம்மை நம்பி ஒட்டியவர்களுக்குத்தான்.