சொல்லாமல் விட்ட தீர்ப்பு

கடமான் ஒன்று காட்டுக்கு நீதிபதியாக இருந்தது. மருதமரத்தடியில் அது வந்து நின்றால் குரங்குகள்கூட வாலைச் சுருட்டிக்கொண்டு அடங்கும். குட்டிகள் மேயும் புல்வெளிப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று ஒருமுறை சிறுத்தைக்கே உத்தரவு போட்டது. சிறுத்தை உறுமியது. ஆனால் போய்விட்டது.

பதவியின் கடைசிக் கோடையில் நீர்க்கோழி ஒரு வழக்கோடு வந்தது.

"ஐயா, குளத்தங்கரைக் கோரையில்தான் நாங்கள் கூடு கட்டுகிறோம். காட்டுப்பன்றி கிழங்குக்காக அதைத் தோண்டித் தள்ளுகிறது. என் முட்டையெல்லாம் சேற்றோடு சேறாய்ப் போயிற்று!"

"கோரை என்ன இவள் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றது பன்றி. "எனக்குப் பசி, தோண்டுகிறேன். இவள் வேறெங்காவது போய் முட்டையிடட்டுமே!"

கடமான் நேரிலேயே குளத்துக்குப் போனது. உடைந்து கிடந்த ஓடுகளை முகர்ந்து பார்த்தது. அதன் கண் கலங்கியதை எல்லா விலங்குகளும் கண்டன.

"வழக்கைக் கேட்டாயிற்று. தீர்ப்பைப் பிறகு சொல்கிறேன்" என்றது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கேட்ட நீதிபதியேதான் தீர்ப்பும் சொல்ல வேண்டும். சொல்லாமல் பதவி இறங்கிவிட்டால், புதிய நீதிபதியிடம் வழக்கை முதலிலிருந்து நடத்த வேண்டும்! பன்றிக்கும் இது தெரியும். அது மெல்லக் கடமானிடம் போனது.

"ஓய்வுக்குப் பிறகு ஐயா எங்கே மேய்வீர்கள்? எங்கள் பள்ளத்தாக்கில் கோடையிலும் பச்சை காயாது. எங்கள் கூட்டத்துக்கு ஒரு மத்தியஸ்தர் வேண்டும். உங்களைப் போல் யார் கிடைப்பார்கள்!"

"வழக்கைப் பற்றி என்னிடம் பேசாதே!" என்று அதட்டியது கடமான்.

"ஐயோ, நான் பேசுவேனா? நீங்களும் பேச வேண்டாம். அவ்வளவுதான்!"

நீர்க்கோழி நடையாய் நடந்தது. "யோசித்துக்கொண்டிருக்கிறேன், அம்மா" என்பதே ஒவ்வொரு முறையும் பதில்.

கடைசியில் பிரிவு உபசார நாள் வந்தது. மாலை போட்டார்கள். நரி எழுந்து முழங்கியது.

"இந்த வாயிலிருந்து ஒரு தவறான தீர்ப்பாவது வந்ததுண்டா?"

"இல்லை! இல்லை!"

"என் வழக்கில் எந்தத் தீர்ப்புமே வரவில்லையே!" என்று கத்திக்கொண்டு நீர்க்கோழி நடுவில் வந்து நின்றது. "ஐயா, சூரியன் மறையும்வரை நீங்கள்தான் நீதிபதி. தோண்டலாம், தோண்டக்கூடாது, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்! என் வயிற்றில் முட்டை இருக்கிறது!"

"நல்ல காரியத்தில் இது என்ன அழுகை!" என்று சீறியது நரி.

கடமான் கழுத்து மாலையைப் பார்த்தது. பன்றியைப் பார்த்தது. மலைமேல் வெளிச்சம் சிவந்தது, மங்கியது, போய்விட்டது.

மறுநாள் கடமான் பள்ளத்தாக்கில் மேய்ந்தது. பன்றி மிச்சக் கோரையையும் தோண்டியது. நீர்க்கோழி வெறுஞ்சேற்றில் முட்டையிட்டது. முதல் மழை அவற்றை அடித்துக்கொண்டு போனது.

மழைக்குப் பின் கடமானின் முதுகெல்லாம் உண்ணி. பொறுக்க வரும்படி மைனாக்களைக் கூப்பிட்டது. ஒன்றும் இறங்கி வரவில்லை. கிளையில் இருந்தபடியே குரல் கொடுத்தன.

"பன்றிகளைக் கூப்பிடுங்கள் ஐயா! அவர்கள்தானே உங்களுக்கு வேண்டியவர்கள்!"

"நான் என்ன தவறு செய்தேன்? அந்த வழக்கில் நான் வாயே திறக்கவில்லையே!"

"அதைத்தான் ஐயா செய்தீர்கள்!" என்று சொல்லிவிட்டு மைனாக்கள் பறந்து போயின.

நீதி சொல்லக் கடமைப்பட்டவர் வாயை மூடிக்கொண்டால், அவர் செய்வதும் அநீதியே.