கேஸ் காரில் போன மாப்பிள்ளை

கடவுள் அறிவைப் பங்கு வைத்த அன்றைக்கு உருளிவலசுக்காரர்கள் மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தார்களாம். திரும்பி வந்து எங்கள் பங்கு எங்கே என்று கேட்டார்களா என்றால், அதுவும் இல்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவே கொஞ்சம் அறிவு வேண்டுமே.

அந்த ஊரில் தெய்வசிகாமணி என்று ஒரு மாப்பிள்ளை இருந்தான். மாப்பிள்ளை என்றால் பதினேழு வருஷமாக மாப்பிள்ளை. பதினோரு ஜாதகம் பொருந்தி, பதினோரு பெண் வீட்டாரும் அவனோடு பத்து நிமிஷம் பேசிப் பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடினார்கள். பன்னிரண்டாவதாக வந்த செங்கோடன் அவனிடம் பேசவே இல்லை. நேராகப் போய் அவனுடைய பழைய காரை மோந்து பார்த்தார்.

அவர் மகள் பூவாத்தாளுக்குப் பெட்ரோல் வாசனை ஆகாது. ஒரு மூச்சு இழுத்தால் போதும், முந்தாநாள் தின்றதும் வெளியே வந்துவிடும்.

"கார் இருக்கறது சந்தோசமுங்க மாப்ள. ஆனா பெட்ரோல் வாசத்தோட மண்டபத்துப் பக்கம் வந்தீங்கன்னா, அப்படியே திரும்பிக்குங்க. நாங்க வேற எடம் பாத்துக்கறோம்" என்றார்.

சிகாமணிக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. வயசு நாற்பத்தொன்று முடிந்துவிட்டது. பதின்மூன்றாவது ஜாதகம் என்று ஒன்று இனிமேல் வருமா என்பதே சந்தேகம். காரை ஓட்டுகிற அவன் மச்சான் அங்கப்பன்தான், வண்டியைக் கேஸுக்கு மாற்றிவிட்டால் போச்சு என்றான். அங்கப்பன் வாழ்நாளில் சொன்ன ஒரே உருப்படியான பேச்சு அது. அதற்கப்புறம் அவன் அந்தத் தப்பைச் செய்யவில்லை.

டவுனில் மெக்கானிக் பாஷா பாய் வண்டியில் டேங்கைப் பூட்டிக் கொடுத்தார். சிகாமணி, அங்கப்பன், துணைக்கு வந்த சித்தப்பா வெள்ளைச்சாமி ஆகிய மூன்று முகங்களையும் ஒரு தடவை பார்த்தார். பார்த்ததும் என்ன தோன்றியதோ, ஒவ்வொரு வார்த்தையையும் குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ஓடும்போது கேஸ் வாசனை அடிச்சா வண்டியை ஓரங்கட்டுங்க. எல்லாரும் எறங்கி அம்பது அடி தள்ளிப் போயி நில்லுங்க. வாசனை போற வரைக்கும் வண்டிகிட்ட வராதீங்க. புரிஞ்சுதா?"

மூன்று தலைகளும் பூம்பூம் மாடு மாதிரி ஆடின.

வண்டி ஊருக்கு வந்ததும் சித்தப்பா சாவியைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார். வீட்டுக்குப் புதுசாகக் கேஸ் வந்தால் முதலில் பால் காய்ச்சாமல் ஒரு டம்ளர் சுடுதண்ணியாவது வைப்போமா, இதற்கு மட்டும் என்ன தனிச் சட்டம் என்று கேட்டார். நியாயந்தானே என்று சிகாமணிக்கும் பட்டது. அடுப்பு எங்கே என்பதில்தான் தகராறு.

"கேஸு எங்க எரியுதோ அதானுங்க மாமா அடுப்பு" என்று அங்கப்பன் பானெட்டைத் தூக்கினான்.

இன்ஜின் மேல் செம்புப் பானையை வைத்து, இரண்டு படி பால் ஊற்றி, வண்டியை நிற்க வைத்தே ஓடவிட்டார்கள். ஊரே சுற்றி நின்று பொங்கட்டும் பொங்கட்டும் என்று பார்த்தது. பெண்கள் குலவை போட வாயைக் குவித்துக் குவித்துத் தாடை வலித்து உட்கார்ந்துவிட்டார்கள். விடியற்காலை வைத்த பால் சாயங்காலம் வரை பொங்கவே இல்லை. சுண்டிச் சுண்டித் திரட்டுப்பாலாகிவிட்டது. வழித்துத் தின்றார்கள். கேஸ் டேங்க் காலி. ருசியாக இருந்தது, ஆனால் சர்க்கரை போட்டிருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். மறுநாள் அங்கப்பன் போய் மறுபடி கேஸ் நிரப்பி வந்தான்.

கல்யாணம் இருபது கிலோமீட்டர் தள்ளி, செங்கோடன் ஊர் மண்டபத்தில். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. ஊர்க்காரர்கள் பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டார்கள். சிகாமணி பட்டு வேட்டி கட்டிக் காரில் ஏறும்போது, அங்கப்பனின் அம்மா ஒரு மஞ்சப்பையை அவன் மடியில் வைத்தாள். பந்திச் சாம்பாருக்கு ரெண்டு கிலோ கட்டிப் பெருங்காயம். சமையல்காரர் கையில் கொடுக்கும் வரைக்கும் கீழே வைக்கக் கூடாது என்று அத்தை உத்தரவு. சிகாமணி பையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டான். வாசனை பார்க்கிற பொறுப்பு சித்தப்பாவுக்கு. மூன்று தெரு தள்ளிக் கருவாடு வறுத்தாலும் எந்த வீடு என்று சொல்லிவிடுகிற மூக்கு அது.

மண்டபத்துக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது மண் ரோடு. புழுதி வருகிறது என்று அங்கப்பன் கண்ணாடிகளை ஏற்றினான். ஏற்றி அரை நிமிஷம் ஆகவில்லை, சித்தப்பாவின் மூக்கு விடைத்தது.

"நிறுத்துடா. அடிக்குது."

மூவரும் இறங்கினார்கள். பை சிகாமணி கையிலேயே இறங்கியது. ஐம்பது அடியைச் சித்தப்பா குதிகாலும் பெருவிரலும் ஒட்டி ஒட்டி வைத்து அளந்தார். நின்று மோந்தார். வாசனை இருந்தது. முன்னைவிடத் தூக்கலாகவே இருந்தது.

"பின்னாலயே வந்துருச்சுங்களே மாமா" என்றான் அங்கப்பன்.

"நம்ம கேஸு நம்ம பின்னால வராம, கண்டவன் பின்னாலயா போகும்?"

இன்னொரு ஐம்பது அடி அளந்தார்கள். அங்கேயும் வாசனை. இன்னொன்று. இப்படியே மண்டபத் திசையில் போய்க்கொண்டிருந்தார்கள். மணி ஒன்பதே முக்கால் ஆனது. நாதஸ்வரம் காதில் விழுந்ததும் சிகாமணி பையை இன்னும் இறுக்கிக்கொண்டான். பூவாத்தாள் மணவறையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பத்தரை தாண்டினால் யாராவது ஒரு முறைமாமனைப் பிடித்து உட்காரவைத்துவிடுவார்கள்.

"சித்தப்பா, ஓடிறலாமுங்களா?"

"பாய் தள்ளி நிக்கச் சொன்னாரா, ஓடச் சொன்னாரா?"

நிற்கத்தான் சொன்னார். சிகாமணி யோசித்துப் பார்த்து, சித்தப்பா இல்லாவிட்டால் இந்நேரம் பெரிய தப்பு நடந்திருக்கும் என்று தேற்றிக்கொண்டு, நின்று நின்று நடந்தான்.

அறுபத்தாறாவது ஐம்பதடியில் மண்டப வாசல் வந்தது. மணி பத்து இருபத்தைந்து. ஆரத்தித் தட்டைத் தள்ளிவிட்டுச் செங்கோடன் முன்னால் வந்தார். மாப்பிள்ளையின் கழுத்து, அக்குள், வேட்டி மடிப்பு எல்லாம் மூக்கை வைத்து உறிஞ்சினார். சிகாமணி கண்ணை மூடிக்கொண்டான்.

"பெட்ரோல் பொட்டு இல்ல. சுத்தமான கேஸு வாசம்" என்று தீர்ப்புச் சொன்னார் மாமனார்.

இவ்வளவு நேரம் எங்கேய்யா போனீர்கள் என்று திட்டிக்கொண்டே சமையல்காரர் பையைப் பிடுங்கிப்போனார். அந்த நொடியில் வாசனை நின்றது. கேஸுக்குக்கூட முகூர்த்த நேரம் தெரிந்திருக்கிறது என்று சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். பத்து இருபத்தொன்பதுக்குத் தாலி ஏறியது.

சாப்பாடு முடிந்து, மறுவீட்டுக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு இரண்டு வீட்டாரும் கார் நின்ற இடத்துக்குப் போனார்கள். சித்தப்பா முதலில் தலையை உள்ளே விட்டு மோந்தார். சீட்டை மோந்தார். டேங்கை மோந்தார். முகம் வாடியது.

"வாசமே இல்ல. கேஸு பூராவும் தீந்துபோச்சு."

அங்கப்பன் சாவியைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. வாசனையே இல்லாத வண்டியில் சாவியைப் போட்டு என்ன பிரயோசனம்? பெண்ணையும் மாப்பிள்ளையையும் பின்சீட்டில் உட்காரவைத்து, அறுபது பேர் சேர்ந்து உருளிவலசுக்குத் தள்ள ஆரம்பித்தார்கள். பத்தொன்பது கிலோமீட்டர். பூவாத்தாள் ஜன்னலோரம் சாய்ந்து நன்றாக மூச்சை இழுத்துவிட்டு, பிறந்ததிலிருந்து இத்தனை சுகமாகக் காரில் போனதில்லை என்றாள். சிகாமணிக்குக் கண் கலங்கியது.

நான்காவது கிலோமீட்டரில், தள்ளிக்கொண்டிருந்த செங்கோடன் மூச்சு வாங்க ஜன்னல் பக்கம் ஓடிவந்தார். மேலெல்லாம் வேர்வை, முகமெல்லாம் பெருமை.

"மாப்ள, அந்த பாய்கிட்டச் சொல்லி நம்ம டிராக்டருக்கும் இதையே பூட்டிக் குடுத்துருங்க."