சீல் பிரிக்காத காப்பி

இல்ல சார், கவரை வெட்டினது ஜெனிட்டா இல்ல. நான். என் கேம், என் கை. பழைய வீடியோ கேம் சேர்க்கற நம்ம குரூப்ல உங்க இஷ்டத்துக்கு எழுதாதீங்க.

"அந்தப் பொண்ணு நல்ல பொருளை நாசம் பண்றவ, யாரும் ரிப்பேருக்குக் குடுக்காதீங்க"ன்னு போட்டுட்டீங்க. நேத்துலருந்து மூணு பேர் அவ ரிப்பேர் கடைக்கு வந்து, குடுத்த மெஷினைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. அவ வாயத் திறக்க மாட்டா. அதனால நடந்ததை நான் சொல்றேன்.

அவ என்னைவிட ரெண்டு வயசு சின்னவ. ஆனா கையில வெச்சு விளையாடற பழைய கேம் மெஷின் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவ சொல்லிக்குடுத்தது.

போன மாசம் 'விண்டர் ஃபெர்ரி' கேமை எடுத்துக்கிட்டு திருச்சியில அவ கடைக்குப் போனேன். புது மெஷினுக்கு எல்லாரும் தாவினப்புறம், பழைய மெஷினுக்குக் கடைசியா வந்த கதை கேம். அன்னிக்கு வாங்க ஆள் இல்ல, வந்ததே கொஞ்சம் காப்பிதான். அதனாலதான் இன்னிக்கு நாம அடிச்சுக்கறோம்.

"இதைப் பத்திரமா வெச்சுக்கறது எப்படி?"ன்னு கேட்டேன்.

"எதை?"ன்னா.

"கண்ணு தெரியலையா? சீல் பிரிக்காத காப்பி. பெட்டி மூலை கூட மடங்கல."

"கதை என்ன?"

"எனக்கெப்படித் தெரியும்? பிரிக்கலன்னு சொல்றேன்ல."

கத்தியை என் பக்கம் தள்ளி வெச்சுட்டு, அவ பாட்டுக்கு சால்டரிங் வேலையைப் பார்த்தா.

கோவிச்சுக்கிட்டு வந்துட்டேன்.

மறுவாரம் போனேன். அதே கேள்வி. அதே கத்தி.

மூணாவது தடவை, ஒரு வீம்புல, வெட்டிட்டேன்.

மெஷின்ல போட்டதும் கேம் முதல்ல கேட்டது என் பேரை. இதோட விலை, எத்தனை காப்பி வந்துச்சு, எந்த ஊர்ல யார்கிட்ட இருக்கு, எல்லாம் எனக்கு அத்துப்படி. பேரைக் கேட்டதும் முழிச்சேன்.

"கேக்குதுல்ல, சொல்லுங்கண்ணா."

தியாகுன்னு அடிச்சேன்.

பனி கொட்டுற ஒரு படகுத்துறை. அக்கரைக்குப் போக ஆள் சேர்க்கணும். கண்ணு தெரியாத ஒரு சமையக்காரி கூட வந்தா. விளையாடினதுல எனக்கு மத்தியானம் போகவேண்டிய கிளாஸே போச்சு. சேவ் பண்ணி, ஆஃப் பண்ணி, திரும்ப ஆன் பண்ணேன்.

மறுபடியும் பேரைக் கேட்டுச்சு.

சமையக்காரி இல்ல. படகு இல்ல. ஒண்ணுமே இல்ல.

"கேம் கேசட்டுக்குள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கு"ன்னா ஜெனிட்டா. "விளையாடினதை ஞாபகம் வெச்சுக்கறது அதுதான். செத்துப்போச்சு."

"நான் தொடவே இல்லையே."

"ஆமா. தொடல."

"அப்ப எப்படிச் சாகும்?"

"சும்மா இருந்தே."

எனக்கு எரிச்சல். "தெரிஞ்சே என்னை வெட்ட விட்டியா?"

"வெட்டாம தெரியாதுண்ணா. எனக்கும்தான்."

கேசட் ஸ்க்ரூவைக் கழட்டி, புது பேட்டரி வெச்சு சால்டர் பண்ணி, கையில குடுத்தா. அங்கயே ஸ்டூல்ல உட்கார்ந்து மறுபடி என் பேரை அடிச்சேன். இந்தத் தடவை சமையக்காரியைச் சீக்கிரமே கண்டுபிடிச்சுட்டேன்.

இவ்வளவுதான் சார் அவ பண்ண நாசம்.

உங்க கண்ணாடி அலமாரியில இதே கேம் மூணு இருக்கு. மூணும் சீல் பிரிக்காதது. போட்டோ போட்டீங்க, பார்த்தேன்.

மூணுல எத்தனை உயிரோட இருக்கு?

எனக்குத் தனியா மெசேஜ் அனுப்ப வேணாம். அவளைத் திட்டின அதே குரூப்ல, எல்லாரும் பார்க்கப் பதில் சொல்லுங்க.