கோரைப்பாக்கத்தில் ஃபாஸ்ட் வண்டி நின்றது

கோரைப்பாக்கம் என்று ஒரு ஊர். மின்சார ரயிலில் போனால் வரும். கொஞ்சம் கண் அசந்தால் போய்விடும். அந்த ஊர் ஜனங்கள் தங்கமானவர்கள். யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார்கள், ஒரு இம்மி கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். வம்பே அங்கேதான்.

அந்த ஊர் ஸ்டேஷன் மாஸ்டர் சண்பகராஜனுக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. காரணம் அவர் வீட்டுக்காரம்மா வல்லி. தினமும் பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறவள். ஊருக்கு ஊர் நின்று நின்று வரும் ஸ்லோ வண்டியில் இடிபட்டு, மிதிபட்டு, கசங்கிய புடவையோடு வீடு வந்து சேருவாள். ஒருநாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"இதோ பாருங்க. இந்த மாசத்துக்குள்ள ஃபாஸ்ட் வண்டி நம்ம ஊர்ல நிக்கணும். நின்னா இங்க இருப்பேன். நிக்கலேன்னா புளியந்துறையில எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அங்க ஃபாஸ்ட் நிக்குது."

புளியந்துறை அடுத்த ஸ்டேஷன்தான். ஆனாலும் வல்லி இல்லாத வீட்டைச் சண்பகராஜனால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை. மனுஷர் பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தார். மேலதிகாரிக்குப் போன் போட்டார்.

"நிறுத்தலாம்யா," என்றார் அதிகாரி. "ஆனா உன் ஸ்டேஷன் கூட்டம் தாங்குமா? ஏறுறவங்களுக்கு ஒரு படி, இறங்குறவங்களுக்கு ஒரு படின்னு பிரிச்சு விடு. எல்லாரும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னாலதான் நிக்கணும். நான் நேர்ல வந்து பார்ப்பேன். பிளாட்பாரத்துல நெரிசல் கண்ணுல பட்டுது, ஃபாஸ்ட்டை மறந்துடு."

உடனே கூடியது கூட்டம். கூட்டம் என்றால் மூன்று பேர்: சண்பகராஜன், கொடி பிடிக்கும் எத்திராஜ், டிக்கெட் கொடுக்கும் ஃபிலோமினா.

"நம்ம மேம்பாலத்துக்கு ரெண்டே படிக்கட்டுதான் சார்," என்றாள் ஃபிலோமினா. "கிழக்கே ஊர்ப் பக்கம் ஒண்ணு, மேற்கே பிளாட்பாரத்துப் பக்கம் ஒண்ணு."

"கணக்கு சரியா இருக்கே!" என்று துள்ளினார் எத்திராஜ். "கிழக்குப் படி ஏற மட்டும். மேற்குப் படி இறங்க மட்டும்."

காலையில் பார்க்கவேண்டுமே அந்த அழகை! ஊரே கிழக்கே ஏறி மேற்கே இறங்கியது. ஒருவர் மேல் ஒருவர் இடிக்கவில்லை. சண்பகராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் பட்டணத்திலிருந்து திரும்பிய ஜனம் மேற்குப் படிக்கு வந்து அங்கே மாட்டியிருந்த பலகையைப் படித்தது: 'இறங்க மட்டும்.' படித்துவிட்டு அப்படியே நின்றது. வண்டிக்கு வண்டி ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். எதிரே தெரியும் தங்கள் வீடுகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்களே தவிர, ஒருத்தராவது படியில் கால் வைக்கவேண்டுமே? ஊஹும்.

எத்திராஜ்தான் வழி கண்டுபிடித்தார். "எல்லாரும் இன்னொரு டிக்கெட் வாங்கிட்டுப் புளியந்துறைக்குப் போங்க. அங்க ரயில்வே கேட்டைத் தாண்டி ஊர்ப் பக்கமா நடந்து வந்துடலாம்."

அப்படியே போனார்கள். டியூட்டி முடிந்த சண்பகராஜனும் போனார். அவருக்கு மட்டும் தனிச் சட்டமா என்ன?

மறுநாளே அதிகாரியிடமிருந்து போன். "பிரமாதம்யா! உன் ஸ்டேஷன்ல டிக்கெட் எகிறிப்போச்சே! பயணிகள் இப்படிப் பெருகி நான் பார்த்ததே இல்லை. நாளைக்கே வரேன்."

பாராட்டு தேனாக இனித்தது. 'நாளைக்கே' என்றதும் அந்த இனிப்பு கசந்துபோனது. புளியந்துறை வண்டிக்குக் காத்திருந்த ஜனத்தால் பிளாட்பாரத்தில் எள் போட்டால் எள் விழாது.

"மஞ்சள் கோட்டுக்குப் பின்னால இடமே பத்தலை சார்," என்றாள் ஃபிலோமினா.

எத்திராஜ் வெகுநேரம் யோசித்தார். "பின்னால இடம் எங்கே நிறைய இருக்கு?"

"பிளாட்பாரத்து வேலிக்கு அந்தப் பக்கம். மாடு மேயுற பொட்டல்."

"அப்போ கோட்டை அங்கே கொண்டுபோய்ப் போடுவோம்."

"அட, இது எனக்குத் தோணாமப் போச்சே!" என்று சண்பகராஜன் அவரைக் கட்டிக்கொண்டார்.

வேலிக்கு அப்பால் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு விழுந்தது. மறுநாள் காலை ஊரே கோட்டுக்குப் பின்னால், மாடுகளோடு மாடுகளாக, ஒழுங்காக நின்றது. வண்டி வந்ததும் வேலியைத் தாண்டி விழுந்தடித்து ஓடி வரும். வருவதற்குள் வண்டி கிளம்பிவிடும். மறுபடி போய்க் கோட்டுக்குப் பின்னால் நிற்கும். வல்லியும் அந்தக் கூட்டத்தில் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தாள். புருஷனைப் பார்த்து அவள் முறைத்த முறைப்பில் சண்பகராஜன் தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

அதிகாரி வந்தார். பிளாட்பாரத்தில் ஈ காக்கா இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கையை வீசி நடந்து பார்த்தார். "இத்தனை பயணிகள், இவ்வளவு இடம்! ஃபாஸ்ட் தாராளமா நிக்கலாம்யா."

சண்பகராஜனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அதிகாரி நெற்றியைச் சுருக்கினார். அவருக்கும் பூர்வீகம் கோரைப்பாக்கம்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

"ஒரு சிக்கல் இருக்கேய்யா. ஃபாஸ்ட் நின்னா ஜனம் ஏறும், இறங்கும். மறுபடி நெரிசல் வந்துடுமே?"

சண்பகராஜனுக்கு உலகமே இருண்டது. அம்மா வீட்டுக்குப் பெட்டி தூக்கும் வல்லி கண்முன் வந்து நின்றாள். அந்தத் தவிப்பில்தான் அவருக்கு அந்த யோசனை பிறந்தது.

"ஐயா, வண்டி நிக்கட்டும். யாரும் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்!"

"அப்படிப் போடு!" என்று அதிகாரி அவர் முதுகில் தட்டி, அங்கேயே உத்தரவு போட்டார்.

அன்றிலிருந்து ஃபாஸ்ட் வண்டி கோரைப்பாக்கத்தில் நிற்கிறது. வல்லி காலையில் ஸ்லோ வண்டியைத் துரத்திப் பிடித்துப் பட்டணத்துக்கு எதிர்த்திசையில் புளியந்துறைக்குப் போய், அங்கே ஃபாஸ்ட்டில் ஏறி, தன் ஊருக்கே திரும்பி வருகிறாள். வண்டி நிற்கிறது. சண்பகராஜன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவள் ஜன்னலோரம் போய் நிற்கிறார். சாயங்காலமும் அதே கதைதான்: சொந்த ஊரில் இறங்காமல், புளியந்துறையில் இறங்கி நடந்து வருகிறாள்.

முதல் நாள் அவர் பயந்து பயந்துதான் கேட்டார். "வல்லி, முன்னைவிட நேரமாகுதோ?"

"ஆகத்தான் செய்யுது. ரெட்டிப்பு நேரம்."

"அப்போ... அம்மா வீட்டுக்குப் போயிடுவியா?"

வல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க, நின்னா இருப்பேன்னுதானே சொன்னேன்? ஏறணும், இறங்கணும்னு சொன்னேனா?"