பிளந்து நின்ற புதர்

மழை பொய்த்து மூன்றாம் வருடம். தேரிக்காட்டு மடத்தின் கிணற்றில் ஒரு பானை நிறைய அரை நாள் ஆனது.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் தண்ணீர்ப் பானையைத் திறப்பார்கள். ஒருவர் வராவிட்டாலும் யாரும் குடிப்பதில்லை. இதில் அவர்களுக்குப் பெருமை.

சீடர்களில் மூத்தவர் தளவாய். குரு பூரணத்தம்மாளைவிட வயதில் பெரியவர். அதனால் குருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

கிணறு வற்ற வற்ற, வேறு ஊர்களுக்குப் பிரிந்து போகலாம் என்று சிலர் பேசத் தொடங்கினார்கள். தளவாய்க்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, எல்லாரையும் பானை மேலே கையை வச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க. இருந்தாலும் செத்தாலும் ஒண்ணாத்தான்னு."

"தாகம் எடுத்தா சத்தியத்தையா குடிக்க?" என்றாள் வெயிலுகந்தாள். போகலாம் என்ற பேச்சை முதலில் எடுத்த சீடப்பெண் அவள்தான்.

"நீ வாயை மூடு. ஒற்றுமையை உடைக்க வந்தவ."

ஒற்றுமை என்றதும் மற்றவர்கள் தலை குனிந்தார்கள். அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு மிரட்டல் உண்டு. அதை மேடையில் உரக்கச் சொல்கிறவர் வீட்டுக் கிணறு மட்டும் வற்றுவதே இல்லை. தளவாய் அப்படிப்பட்டவர் அல்ல. தன் பங்குத் தண்ணீரையும் பிறருக்கு ஊற்றுகிறவர்.

"மண்வெட்டியை எடுத்துட்டு வாங்க, அண்ணாச்சி" என்றார் குரு.

மடத்துக்குப் பின்னால் செம்மணல் மேட்டில் ஒரு முள்புதர் நின்றது. அதன் அடித்தண்டில் பனைநார்க் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது யார் வேலை?"

"என் வேலைதான். தண்டு நாலாப் பிளந்து கிடந்துது. பார்க்கப் பாவமா இருந்துது. சேர்த்துக் கட்டினேன்."

"சேர்ந்துச்சா?"

"எங்கே! இறுக்க இறுக்கத் தோல்தான் உரியுது."

"அவிழ்த்துட்டுத் தோண்டுங்க."

தளவாய் தோண்டினார். நான்கு தண்டுக்கும் நான்கு வேர்கள். ஒவ்வொன்றும் ஒரு திசையில் ஓடியது. ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. ஒரு தண்டு வேரோடு காய்ந்திருந்தது. மற்ற மூன்றிலும் சின்னச் சின்ன இலைகள்.

"மண்ணெண்ணெய் உறிஞ்சுற டியூப்பு தெரியுமா அண்ணாச்சி?"

"மண்ணெண்ணெய்க் கடை வச்சிருந்தவனைப் பார்த்து இதைக் கேக்கீங்களே!"

"நடுவிலே காத்து புகுந்தா?"

"அறுந்துரும். ஒரு சொட்டு வராது."

"இதுவும் அப்படித்தான். மண் காயக் காய, இலை தண்ணியைப் பலமா இழுக்கும். ரொம்ப இழுத்தா உள்ளே காத்து புகுந்துரும். நாலு தண்டுக்கும் ஒரே குழாய்னா?"

"மொத்தமும் போச்சு."

சொல்லிவிட்டுத் தளவாய் அப்படியே மணலில் உட்கார்ந்தார். காய்ந்த தண்டைத் தடவிப் பார்த்தார்.

"இது சாகும்போது மத்த மூணும் ஒரு வாய் தண்ணி குடுத்திருக்கலாமே, அம்மா."

"ஒட்டியிருந்தாத்தானே குடுக்க முடியும். ஒட்டியிருந்தா அந்தக் காத்தும் மத்ததுக்குப் போயிருக்கும். நாலும் காய்ஞ்சிருந்தா இன்னிக்கு எந்த இலையைப் பார்த்து இதைக் கேப்பீங்க?"

தளவாய் அவிழ்த்த கயிற்றைச் சுருட்டினார். பிறகு சிரித்தார். "போயும் போயும் ஒரு முள்ளுச்செடிகிட்ட தோத்துட்டேன்." மணலைத் தள்ளி வேர்களை மூடினார்.

மடத்துக்குத் திரும்பியதும் பானையைத் தானே திறந்தார். வெயிலுகந்தாளிடம் செம்பை நீட்டினார்.

"மத்தவங்க இன்னும் வரலையே, அண்ணாச்சி?"

"நீ தூரம் போறவ. குடி தாயி."

அவள் ஆற்றங்கரை ஊருக்குப் புறப்பட்டாள். சிலர் கடற்கரைக்கு, சிலர் மலையடிவாரத்துக்கு. கிணற்றில் ஊறுவது தனக்குப் போதும் என்று குரு இருந்துகொண்டார். தளவாய் மட்டும் துணிமூட்டையைத் தோளில் போட்டபடி வாசலில் நின்றார்.

"எந்தப் பக்கம் போனா நான் காயமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அம்மா."

"அது தெரிஞ்சிருந்தா அந்தச் செடி ஒரு வேரோட நின்னுருக்குமே, அண்ணாச்சி."